ஆறாவது முகத்தின் பெயர்

மறதி வந்தவர்களுக்கு நினைவுப் பயிற்சி கொடுக்கிற வேலை என்றால் மூளையோடு பழகுகிற வேலை என்று நம்பித்தான் நானும் கையெழுத்துப் போட்டேன்; உண்மையில் அது சார்ஜரோடும் டவுன் பஸ்ஸோடும் பழகுகிற வேலை.

கையில் டேப்லெட் என்கிற டேப்பும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வெயிலில் வீடு வீடாகப் போயிருக்கிறீர்களா? "லோன் குடுக்கற கம்பேனியா?" என்ற கேள்விக்கு ஒரே தெருவில் ஏழு முறை பதில் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நானும் ஒரே கட்சி, உட்காருங்கள். உளவியல் முதுகலையின் கடைசிப் பருவத்தில் களப்பணி கட்டாயம். நான் தியாகதுருகத்துப் பெண் என்பதால், "உங்க ஊருப் பக்கமே போங்க, பேச்சு பழகியிருக்கும்" என்று ஓர் ஆய்வுத் திட்டத்தில் தள்ளிவிட்டார்கள். அறுபது வயது தாண்டிய, லேசான மறதி இருப்பதாக டாக்டர் சோதித்துச் சொன்னவர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம். டேப்பில் விளையாட்டு மாதிரி வரும். எங்கோ இருக்கும் சர்வர் மதிப்பெண் போடும். நான் டேப்பைத் திறந்து கொடுக்கலாம், பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ரிப்போர்ட் வரட்டும்

என் பட்டியலில் முதல் பெயர் அஞ்சலை அம்மா. அறுபத்தெட்டு வயது. கரும்பு வெட்டு, களையெடுப்பு என்று கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், முட்டி தேய்ந்த பிறகு கீரைக்கு மாறிவிட்டார். கச்சிராயபாளையத்தில் வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் இடம். அதில் சிறுகீரையும் அரைக்கீரையும் போட்டு, கூடையில் அடுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தி, பெண்களுக்கு டிக்கெட் கேட்காத டவுன் பஸ்ஸில் ஏறிக் கள்ளக்குறிச்சி மார்க்கெட் வாசலில் விற்பார். தை மாதத்தில் ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ் மாறி ஏறித் தியாகதுருகத்தில் இறங்கிவிட்டார். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் சாயங்காலம் வரை நின்றிருக்கிறார். ஒரு பூக்காரப் பெண் மகனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அடுத்த மாதமும் அதே கதை. அதோடு மகன் ஏழுமலை கூடையைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டார்.

ஏழுமலை அண்ணன் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். முதல் நாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடசில இன்னா மேடம் வரும் இதுல?" ரிப்போர்ட் வரும் என்றேன். "அப்ப ரிப்போர்ட் வரட்டும். நல்லா இருந்தா தனியா போவட்டும். இல்லன்னா வூட்டோட கெடக்கட்டும்." வாயாடி என்று வீட்டிலும் வகுப்பிலும் பட்டம் வாங்கியவள் நான். ஒரு மனுஷி பஸ் ஏறலாமா கூடாதா என்பதை ஒரு பக்கக் காகிதம் தீர்மானிக்குமா என்று அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டும். அன்றைக்கென்று பார்த்துத் தலையாட்டிவிட்டேன். அஞ்சலை அம்மா பரண்மேல் இருந்த கூடையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இத்தினி வருசமா நான் தனியா போயி வந்தேனே பாப்பா, அதுக்கு எந்த டேப்பு ரிப்போர்ட்டு குடுத்துச்சி?"

தாழ்ப்பாள்

பயிற்சிக்குள் நுழைய பாஸ்வேர்டு வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையாமல், அதில் எண் இருக்க வேண்டும், ஒரு குறி இருக்க வேண்டும், ஆங்கில எழுத்தும் இருக்க வேண்டும். மூன்று முறை தப்பாகப் போட்டால் அன்றைய கதவு சாத்திக்கொள்ளும். மறுபடி படியுங்கள்: மறதிக்காரர்களுக்கான பயிற்சி. இதை வடிவமைத்தவரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் படிப்பு கெட்டுவிடும்.

வடக்கனந்தலில் கோவிந்தன் ஐயா மட்டும் முதல் முயற்சியிலேயே எட்டு எழுத்தும் பிசகாமல் பாஸ்வேர்டு வைத்தார். எழுபத்திரண்டு வயது; கரும்பும் நெல்லுமாக நிலம் இருக்கிறவர்; காலையில் மாத்திரை போட்டோமா என்று மதியம் யோசிப்பவர். அவருக்கு எது மறக்கவில்லை தெரியுமா? ஆற்றங்கரை நிலத்தின் சர்வே எண். எண், சாய்கோடு, உட்பிரிவு, கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. பயிற்சியை வடிவமைத்த கம்பெனி கேட்ட அத்தனை விதியும் தானாகப் பொருந்திவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் தோளில் கிடக்கும் துண்டை விரித்து டேப்பை மூடிக்கொண்டு, அதற்குள் தலையை விட்டுத்தான் அடிப்பார். துண்டுக்குள் இருட்டு, விரல் தவறும், மூன்று முறை தப்பு, கதவு சாத்தல். "சொல்லுங்க ஐயா, நான் அடிச்சித் தர்றேன்" என்று நான்காவது நாள் கெஞ்சினேன். ஐயா துண்டிலிருந்து தலையை வெளியே எடுத்து, என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்:

"நீ நல்ல புள்ளதாம்மா. ஆனா தியாகதுருகத்துல யாரு வூட்டுப் பொண்ணுன்னு நான் இன்னும் விசாரிக்கலியே."

டவர் பாறை

செவ்வாய்க்கிழமை என்றால் எனக்கு மலை. கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி, வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலையும் தாண்டி இறங்கி, அங்கிருந்து நடக்க வேண்டும். என் பட்டியலில் இருந்த சடையன் ஐயாவுக்கு சாமையும் மரவள்ளியும்தான் பயிர். அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. அதன் வடக்கு ஓரத்தில் நின்றால் இரண்டு கோடு தெரியும், தெற்கே நகர்ந்தால் ஒன்று. ஊரில் எல்லோரும் போன் பேச அங்கேதான் வருவார்கள். ஆகவே எங்கள் நினைவுப் பயிற்சி, ஒரு பக்கம் ஒருவர் மகளிடம் சமாதானம் பேச, இன்னொரு பக்கம் ஒருவர் மாட்டு டாக்டரைத் திட்ட, நடுவில் நான் குடை பிடிக்க, அவர் குந்தியிருக்க நடந்தது. கவனம் சிதறாத அமைதியான அறை வேண்டும் என்று கையேட்டில் மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறது.

அன்றைய விளையாட்டு சுலபம்தான். மஞ்சள் வட்டம் தெரிந்ததும் தொட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடுகிறார் என்பதை வைத்து மூளையின் வேகம் கணக்காகும். சடையன் ஐயா தொட்டார். டேப் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு நொடி கழித்து, "மெதுவாக இருக்கிறீர்கள், இன்னும் முயற்சி செய்யுங்கள்" என்று ஒரு பெண் குரல் கொஞ்சிற்று. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. சிக்னல் தாமதத்தை ஒரு மனிதரின் மூளைமேல் எழுதுவது என்ன விஞ்ஞானம்? பாறையில் நின்றபடியே திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டு ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் சிக்னல் போய்விட்டது. சடையன் ஐயா என் முழங்கையைத் தொட்டார்:

"நான் எப்பயோ தொட்டுட்டேன் பாப்பா. அதுக்குத்தான் நெனப்பு வர நேரமாவுது. மொதல்ல அதுக்குப் பயிற்சி குடு."

குத்தகைக்கு விட்ட பயிற்சி

ஐந்தாவது வாரத்தில் ஒரு அதிசயம். கோவிந்தன் ஐயாவின் மதிப்பெண் திடீரென்று ஏறியது. துண்டு மூடும் பழக்கம் போய்விட்டது போல, கதவும் சாத்திக்கொள்ளவில்லை. ஜோடிப் படங்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் மூன்று நிலை தாண்டிவிட்டார். ஒருங்கிணைப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மை போட்டார். "மாதத்தின் சிறந்த பங்கேற்பாளர்" என்று ஒரு சான்றிதழும் வந்தது. அதே வாரத்தில் அஞ்சலை அம்மாவின் மதிப்பெண் கோடு ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நோகாமல் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஏறுகிறது, வேலை செய்து கை காய்த்தவருக்கு நிற்கிறது. உலக நியாயம் மூளைக்குள்ளும் வந்துவிட்டதா என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சண்டை போட்டுக்கொண்டேன்.

நான் போகாத நாளில் அவர்களே செய்யட்டும் என்று டேப்பை வீட்டிலேயே விட்டிருந்தோம். சொல்லாமல் ஒரு புதன்கிழமை வடக்கனந்தல் போனேன். மோட்டார் கொட்டகை நிழலில் கட்டில். கட்டில்மேல் கோவிந்தன் ஐயா சாய்ந்திருக்கிறார். கீழே சாக்கின்மேல் அவருடைய குத்தகைக்காரர் முனுசாமி, நாற்பது வயதிருக்கும், சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் படங்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். ஐயா மேலிருந்து, "உம், சீக்கிரம், அந்த யானை எங்கடா, தோ பாரு" என்று மேற்பார்வை பார்க்கிறார். எனக்கு வந்த கோபத்தில் மரியாதை கொஞ்சம் தவறியது. "இது உங்க மூளைக்குப் பயிற்சி ஐயா! அவரு செஞ்சா உங்களுக்கு எப்படிங்க வரும்?" என்று கத்திவிட்டேன். முனுசாமி அண்ணன் பதறி எழுந்தார். ஐயா அசையவில்லை. நிஜமாகவே என் கேள்வி புரியாதவர்போல நிதானமாகச் சொன்னார்:

"நாத்து நட்டது அவன். களை எடுக்கறது அவன். வெளச்சல் யாரு பேர்ல வருது? இன்னிக்கி மட்டும் இன்னாத்துக்கும்மா சட்டத்த மாத்தற?"

ஆறாவது முகம்

அஞ்சலை அம்மாவின் கோடு முட்டி நின்ற இடம், "முகமும் பெயரும்" என்ற பயிற்சி. ஆறு முகங்கள் காட்டப்படும். ஒரு குரல் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லும். கொஞ்ச நேரம் வேறு விளையாட்டு. பிறகு முகங்கள் மாற்றி மாற்றி வரும். பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மைக் பத்து நொடி காத்திருக்கும். ஆறும் சரியாகச் சொன்னால்தான் அடுத்த நிலை. இல்லாவிட்டால் அடுத்த முறையும் அதே ஆறு பேர்.

அஞ்சலை அம்மா ஐந்து முகத்துக்கும் பளிச்சென்று சொல்லிவிடுவார். "இது ரவி. இது கண்ணாடி போட்ட சாந்தி. இவன் பாசு." ஆறாவதாக மீசை வைத்த ஒருவர் வருவார். உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். சிரிப்பார். பத்து நொடி ஓடும். தப்பு. இப்படி ஐந்து வாரம். நான் என்ன நினைத்தேன்? அந்த ஒரு பெயர் மட்டும் ஏனோ தங்கவில்லை என்று நினைத்தேன். எந்தப் பாடப்புத்தகத்தில் இதற்கு விளக்கம் இருக்கும் என்று தேடினேன். ஒன்பதாவது வாரத்தில் பொறுமை போய், "ஞாபகம் வரலியாம்மா, வாயில வரலியா?" என்று கேட்டேன்.

"உன் டேப்புக்கு ரெண்டும் ஒண்ணுதானே பாப்பா."

"எனக்கு ஒண்ணு இல்ல. சொல்லுங்க."

வாசலை எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "அது எங்க வூட்டுக்காரரு பேரு."

மீசைக்காரரின் பெயர் மாணிக்கம். முதல் நாள் படிவத்தில் கணவர் பெயர் கேட்டபோது, இவர் சொல்லாமல் உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார். எழுதிக்கொண்டது நான். என் கையெழுத்தில், என் பையில், ஒன்பது வாரமாக அந்தப் பெயர் இருந்திருக்கிறது. நினைவுப் பயிற்சி கொடுக்க வந்தவளுக்கு அது நினைவில்லை.

வெட்கத்தை மறைக்க வாதம் செய்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த வழி. "அவரு போயி ஒம்பது வருசம் ஆச்சேம்மா."

"போனா? பேரயும் கையோட எடுத்துக்கினு போயிட்டாரா?"

"அவரு உங்களப் பேரு சொல்லிக் கூப்புடல?"

"ஊருக்கே கேக்கறாப்ல கூப்புடுவாரு."

"அப்ப நீங்க மட்டும் ஏன் சொல்லக்கூடாது? யாரு போட்ட சட்டம் இது?" என்று ஆரம்பித்து, வகுப்பில் கைதட்டல் வாங்கிய பேச்சு ஒன்றை முழுக்க அவிழ்த்துவிட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தையும் எடுத்தேன்: "நீங்க சொல்லலன்னா அது மறந்துட்டீங்கன்னு எழுதிக்கும். உங்க புள்ள உங்கள பஸ் ஏற வுடமாட்டாரும்மா. கூடை பரண்லயே கெடக்கும்." அஞ்சலை அம்மாவின் முகம் வாடியது. முந்தானை நூலை ஒவ்வொன்றாக இழுத்தார். பிறகு டேப்பை என் பக்கம் தள்ளினார்:

"மறந்துட்டேன்னே எழுதிக்கட்டும் பாப்பா. ஒரு பஸ்ஸுக்காவ அந்தப் பேர வாயில எடுக்கச் சொல்றியா நீ?"

பூட்டிய பட்டியல்

ஒருங்கிணைப்பாளரை நான் நேரில் பார்த்ததில்லை. வீடியோ அழைப்பில் மட்டும் வருவார். பின்னணி எப்போதும் மங்கலாக்கப்பட்டிருக்கும். கெட்டவர் இல்லை. களைத்தவர். "சார், மாணிக்கம்னு ஒரு பேர மட்டும் மாத்திடுங்க. மாதவன்னு வைங்க, மைக்கேல்னு வைங்க, எதுவா இருந்தாலும் சரி" என்றேன். பட்டியல் பூட்டியாயிற்று, நடுவில் மாற்றினால் மற்றவர்களோடு ஒப்பிட முடியாது என்றார். "மத்தவங்க வீட்டுக்காரர் பேரும் மாணிக்கமா சார்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்களே மைக்ல சொல்லிடுங்களேன்மா, சர்வருக்கு யாரு வாய்னு தெரியவா போவுது" என்றார்.

உங்களிடம் பொய் சொல்லவில்லை, சபலம் தட்டியது. ஒரே ஒரு வார்த்தை. ரிப்போர்ட் பச்சையாக வரும், கூடை பரணிலிருந்து இறங்கும். ஆனால் நான் சொன்ன வார்த்தையை நம்பி மகன் தனியாக அனுப்பி, அவர் மறுபடி வேறு பஸ்ஸில் ஏறி எங்கோ நின்றால்? கட்டில்மேல் சாய்ந்தபடி முனுசாமியை வேலை வாங்கியவருக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? "முடியாது சார். ஆனா அவங்களுக்கு அந்தப் பேரு தெரியும். தெரிஞ்சும் சொல்லல. இதை எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று கேட்டேன். படிவத்தில் மூன்று கட்டம்தான்: மறதி, ஒத்துழையாமை, தொழில்நுட்பக் கோளாறு. மறதி பொய். ஒத்துழையாமை அதைவிடப் பெரிய பொய். இருபது நிமிடம் வாதாடினேன். கடைசியில் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்கம்மா. ஸ்கோர் மாறாது, உங்க மனசாவது ஆறும்."

சிவப்பு

பன்னிரண்டாவது வாரம் முடிந்து ரிப்போர்ட் வந்தது. ஒரு பக்கம், நான்கு வரைபடம். மூன்று படத்தில் கோடு கொஞ்சமாவது ஏறியிருந்தது. நான்காவதில் "பெயர் நினைவு: மிகக் குறைவு" என்று சிவப்பு. டிராக்டரின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த ஏழுமலை அண்ணன் கையில் கிரீஸோடு எட்டிப் பார்த்து, "செவப்புல வந்துக்குதே" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். "எங்கப்பா பேர வெச்சிட்டு எங்கம்மாவ சொல்லுன்னா எப்பிடிங்க சொல்லும்? இதுகூடவா தெரியாது அந்தக் கம்பேனிக்கு?" கம்பெனிக்கு மட்டுமில்லை, எனக்கும் ஒன்பது வாரம் ஆனது என்பதை நான் சொல்லவில்லை. "மத்த அஞ்சு பேரு?" என்றார். "ஒரு வாட்டிகூடத் தப்பல அண்ணா" என்றேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"அது சரிங்க. டேப்புல மூஞ்சியக் கண்டுபுடிக்கறதும் பஸ்டாண்டுல பஸ்ஸ கண்டுபுடிக்கறதும் ஒண்ணா?" என்று கேட்டார். சக ஜீவன்களே, இந்தக் கேள்வியைத்தான் நான் போன பருவத்தில் பதினைந்து பக்கம் எழுதி, முடிவில் "மேலும் ஆய்வு தேவை" என்று முடித்தேன். திரையில் பழகிய திறமை வாழ்க்கைக்கு வருமா, வராதா? அவர் அதைக் கிரீஸ் கையோடு ஒரே வரியில் கேட்டுவிட்டார். உள்ளே அஞ்சலை அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஏழுமலை அண்ணன் குரலைத் தாழ்த்தினார். அதட்டலாக இல்லை, பயமாகத்தான் இருந்தது:

"நீங்க சொல்லுங்க மேடம், நான் வுட்டுடறேன். நாளிக்கி காணாப்போச்சின்னா நீங்க வந்து தேடுவீங்களா?"

பஸ்ஸுக்குப் பின்னால்

"தேட வேணாம், பின்னாடியே போவலாம்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை கூடை பரணிலிருந்து இறங்கியது. அஞ்சலை அம்மா டவுன் பஸ்ஸில் ஏறினார். நாங்கள் இருவரும் பைக்கில். அவரிடம் சொல்லவில்லை. வடக்கனந்தல் தாண்டியதும் நடுவில் ஒரு வைக்கோல் லாரி புகுந்துகொண்டது. கள்ளக்குறிச்சி வரை வைக்கோலைத் தின்றுகொண்டே போனோம். போகும்போது ஒரு சிக்கலும் இல்லை. இறங்கினார், மார்க்கெட் வாசலில் உட்கார்ந்தார், பதினோரு மணிக்கெல்லாம் கூடை காலி. சிக்கல் எப்போதும் திரும்பும்போதுதான்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக நாங்கள் ஒளிந்து நின்றோம். அஞ்சலை அம்மா வந்தார். நின்றார். சுற்றிப் பார்த்தார். எல்லாப் பஸ்ஸும் ஒரே நிறம். நேராகத் தியாகதுருகம் பஸ்ஸை நோக்கி நடந்து, படியில் ஒரு காலை வைத்துவிட்டார். ஏழுமலை அண்ணன் கையிலிருந்த டீ சட்டையெல்லாம் கொட்டியது. பாயப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். பிடித்தது சரியா என்று அந்த நொடியில் எனக்கே நிச்சயமில்லை. அஞ்சலை அம்மா வைத்த காலை எடுத்தார். "தம்பி, எனுக்கு நெனப்பு கம்மி. இது கச்சிராயபாளையம் போவுமா?" என்று கண்டக்டரைக் கேட்டார், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி. அவர் வேறு பக்கம் கையைக் காட்டினார். அஞ்சலை அம்மா அதை நம்பிவிடவில்லை. கொய்யாப்பழம் விற்ற பெண்ணைக் கேட்டார். பஸ் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்த டிரைவரைக் கேட்டார். மூன்று பேரும் ஒரே பக்கம் கைகாட்டிய பிறகுதான் நடந்துபோய் அந்தப் பஸ்ஸில் ஏறினார். டேப்பில் யாரையும் கேட்கக் கூடாது. என் பக்கம் திரும்பினாலே நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பேன். விதி அப்படி.

ஏழுமலை அண்ணனால் அதற்குமேல் முடியவில்லை. பஸ் ஜன்னலண்டை ஓடினார். நானும் பின்னால் போனேன். எங்களைப் பார்த்து அஞ்சலை அம்மா ஆச்சரியப்படவே இல்லை. "வைக்கோல் லாரிக்குப் பின்னாடியே வந்தீங்களே, பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார்.

"யம்மா, அன்னிக்கே இப்பிடிக் கேட்டிருக்கலாமில்ல?"

"அன்னிக்கி வெக்கமா இருந்துச்சிடா. தெனம் வர்றவ போயி எந்த பஸ்ஸுன்னு கேட்டா சிரிக்கமாட்டாங்க? இந்தப் பாப்பாவாண்ட பன்னண்டு வாரம் தெரியல தெரியலன்னு சொல்லிச் சொல்லி அது வுட்டுப்போச்சி."

ரிப்போர்ட்டின் எந்தப் படத்திலும் இதற்குக் கோடு இல்லை. மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம மட்டும் போ. போன கைலயே வெச்சிக்கணும். அடிச்சா எடுக்கணும்" என்றார். அம்மா காலிக் கூடையை மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, டீக் கறையோடு நின்ற மகனையும், தலையெல்லாம் வைக்கோலாக நின்ற என்னையும் பார்த்துக் கத்தினார்:

"ரெண்டு பேரும் பாத்து வாங்க! வழி தெரியலன்னா யாரையாவது கேட்டுக்கினு வாங்க!"

சர்வரில் அவர் பெயருக்கு நேரே இன்னமும் சிவப்புதான் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் அதைப் போய்ச் சொல்லலாம் என்றால் அவர் வீட்டில் இருப்பதில்லை.